சாம்பல் அறிந்த கை

புறங்கையில் ஒரு சிட்டிகைச் சாம்பலை வைத்து ஊதுகிறார் டோ மியா தின். பறந்தது போக, தோலில் ஒட்டி நிற்பதைக் கட்டைவிரலால் தேய்க்கிறார். பிறகு அந்த விரலைக் காதோரம் கொண்டுபோய் ஆள்காட்டி விரலோடு உரசிக் கேட்கிறார். எதிரே பாயில் மண்சட்டியோடு உட்கார்ந்திருக்கும் நாலு பேரும் ஜோசியர் வாயைப் பார்ப்பதுபோல அவர் வாயைப் பார்க்கிறார்கள்.

"சாமந்திதான் அதிகம். நடுவுல கொஞ்சம் தாமரை. காம்பைக் கிள்ளாம எரிச்சிருக்கீங்க, நரநரங்குது. ரெண்டு தடவை சலிக்கணும்." சட்டியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொள்கிறார். "யாரு, அப்பாவா?"

அப்பாதான். எப்படித் தெரிந்தது என்று மூத்த மகள் வாயைப் பிளக்கும்போதே, சட்டிக்குள் விரலை விட்டுப் பாதி கரிந்த சுருட்டுத் துண்டு ஒன்றை எடுத்து முற்றத்தில் வீசுகிறார்.

"படையல்ல இருந்ததை அப்படியே அள்ளி நெருப்புல போட்டுட்டீங்க. புத்தருக்குள்ள சுருட்டு வேண்டாம்மா. அங்க போயாவது விடட்டும் மனுஷன்."

அழுத கண்ணோடு வந்தவர்கள் சிரித்துவிடுகிறார்கள். சிரித்த கையோடு திரும்பவும் அழுகிறார்கள். மியா தின் அதற்கெல்லாம் அவசரப்படுத்துவதில்லை. வெறுந்தேநீரை ஊற்றி வைத்துவிட்டு, பனங்கருப்பட்டித் தட்டை நடுவில் நகர்த்துவார். அழுகை ஓய்ந்த பிறகுதான் இறந்தவரின் பெயரையும் பிறந்த கிழமையையும் கேட்பார்.

பர்மாவில் இருக்கும் இந்த இன்கோன் ஊரில் வீட்டுக்கு வீடு மரப்பால் வேலைதான். மூங்கிலைப் பின்னி, திட்சி மரத்தின் பாலை மேலே பூசி, கிண்ணமும் வெற்றிலைப் பெட்டியும் மடத்துக்குச் சோறு கொண்டுபோகும் அடுக்குப் பாத்திரமும் செய்து மொன்யுவாச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். மரத்திலிருந்து வடியும்போது வெளுத்திருக்கும் பால், காற்றுப் பட்டதும் தார்போலக் கறுத்துவிடும். மியா தின் வீட்டில் கிண்ணமும் இல்லை, பெட்டியும் இல்லை. புத்தர் மட்டும்தான். அதுவும் ஒரு முழத்துக்கு மேல் உயர விடமாட்டார். "வீட்டுச் சாமி அலமாரியில உக்காரணும். தலை இடிக்கிற அளவுக்கு வேணும்னா மாண்டலேல போய் வெண்கலத்துல வாங்கிக்கோங்க."

முதலில் களிமண்ணில் ஓர் உருவம் பிடிப்பார். மரப்பாலில் நனைத்த துணியை அதன்மேல் ஏழு சுற்றுச் சுற்றுவார். சுற்றுக்கு ஒரு வாரம் வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறையில் காய வேண்டும். ஊரில் மிளகாய் காய்வதும் மீன் காய்வதும் வெயிலில். மரப்பால் காய்வது ஈரத்தில். நிலவறைத் தரையில் தினமும் தண்ணீர் தெளித்துக் கதவை மூடி வைப்பார்கள். "வெயில் காட்டினா ஒழுகிக்கிட்டே நிக்கும். ஈர இருட்டுல விட்டாத்தான் இறுகும். அது சுபாவம் அப்படி" என்பார் மியா தின்.

ஏழு சுற்றும் இறுகியதும் முதுகில் கீறிக் களிமண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டால் உள்ளே வெற்றிடம். முழ உயரப் புத்தரைப் பச்சைக் குழந்தைபோல ஒரு கையில் தூக்கிவிடலாம். அப்போது அவருக்கு முகம் இருக்காது. கண், உதடு, விரல், அங்கியின் மடிப்பு எல்லாம் கடைசியில் சாந்தில் வருகிறவை. மரப்பாலில் சாம்பலைக் கலந்து பிசைந்தால் அதுதான் சாந்து. அந்தச் சாம்பலில்தான் இறந்தவர்கள் வருகிறார்கள். ஒருவர் இறந்த நாள் முதல் ஏழாம் நாள்வரை வீட்டுப் புத்தருக்கு வைத்த பூக்கள், அவர் கடைசியாக உடுத்தித் துவைத்து மடித்து வைத்த துணி. இரண்டையும் எரித்த சாம்பல். போனவரைப் புத்தரின் முகத்தில் சேர்த்தாகிவிட்டது என்றால், இன்கோனில் அதற்கு மேல் யாரும் அவரைத் தேடுவதில்லை.

துணி விஷயத்தில் மியா தின் கறார். ஒருமுறை பக்கத்து ஊர்த் தாய் ஒருத்தி, மோட்டார் சைக்கிளில் அடிபட்டுப் போன மகனின் கால்பந்துச் சட்டையைக் கொண்டுவந்தாள். பளபளவென்று சிவப்பு, முதுகில் எண் ஒன்பது. அவன் அதைத்தான் எப்போதும் போட்டிருப்பானாம்.

"இது எரியாது தங்கச்சி, உருகும். உருகி உருண்டையா நிக்கும். அதை எந்தக் கல்லுல அரைச்சாலும் சாம்பலாகாது. பருத்தி இருக்கா பாரு. கைக்குட்டை, தலையணை உறை, எதுன்னாலும்."

"அவன் வேற எதையும் விரும்ப மாட்டானேக்கா."

"தலை வச்சுப் படுத்தான்ல? அதைக் கொண்டா."

தலையணை உறை வந்தது. எரித்து, அரைத்து, சலித்து, அந்தப் பையன் ஒரு புத்தரின் கீழுதடாகவும் வலது கைச் சுண்டுவிரலாகவும் ஆனான். சட்டையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது மியா தின் சொன்னார்: "இதை நீ வச்சுக்கோ. எல்லாத்தையும் சாமிகிட்டக் குடுத்துட்டா உனக்குன்னு என்ன இருக்கு?"

ஐம்பத்தெட்டு வயது. குள்ளமான உடம்பு, பிசைந்து பிசைந்து வலது தோள் மட்டும் ஆண்பிள்ளைத் தோள். முப்பது வருடமாக நகக்கண்ணில் கறுப்பு ஏறியிருப்பதால் கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோரும் கையால் சாப்பிடும்போது இவர் மட்டும் கரண்டி கேட்பார். "மொன்யுவாத் துரைசானி வந்துட்டாங்க, கரண்டி போடுங்கடா" என்று மூங்கில் பின்னும் பெரியவர் உ செய்ன் சத்தம் போடுவார். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. வாயை மூடிக்கொண்டு பின்னத் தெரியாதவர்.

சாந்து பிசையும் நாளில் மியா தின் வேறு ஆள். விடியும்போதே குளித்து, வெள்ளை மேலாடை போட்டு, எட்டுச் சீல விரதங்களையும் ஏற்றுக்கொள்வார். உச்சிக்குப் பிறகு சோறு கிடையாது. கன்னத்தில் தனகா மரப்பட்டைக் குழம்பு பூச மாட்டார்; பூச்சு உதிர்ந்து சாந்தில் விழுந்துவிடும். பலகையின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தால் நூற்றெட்டு அமுக்கு. ஒவ்வோர் அமுக்குக்கும் புத்தரின் குணங்களில் ஒன்றை வாய்க்குள் சொல்வார். கையெல்லாம் மரப்பாலாக இருக்கும்போது ஜெபமாலையை எப்படி உருட்டுவது? அதனால் சாந்துதான் மாலை. அந்த நேரம் பேச மாட்டார். யாராவது வந்தால் தாடையால் காட்டுவார்: உட்கார், போ, தண்ணீர் அங்கே இருக்கிறது, நாளைக்கு வா. "மியா தின் சாந்து பிசையும்போது அவ வீடு பத்திக்கிட்டாலும் தாடையாலதான் ஊரைக் கூப்பிடுவா" என்பது உ செய்னின் வாக்கு.

எரிக்காமல் வந்த பூவை எரிப்பது, அரைப்பது, சலிப்பது மருமகள் யமினின் வேலை. பிசைவது மாமியாரின் வேலை. யமின் சலித்துக் கொடுத்த சாம்பலை மியா தின் ஊதிப் பார்ப்பதில்லை. அவ்வளவு நம்பிக்கை. ஒன்பது வருடமாக ஒரே வீட்டில், அதில் ஏழு வருடம் இரண்டு பேர் மட்டும்.

மகன் வுன்னா புதன்கிழமை பிறந்தவன். கல்யாணமாகி இரண்டாம் வருடம் தாய்லாந்துக்கு மீன்பிடிப் படகு வேலைக்குப் போனான். ரனோங் துறைமுகத்திலிருந்து கடைசியாகப் பேசினான். "அம்மா, கடலுக்குள்ள போறோம். இருபது நாள் டவர் கிடைக்காது. யமின்கிட்டயும் சொல்லிடு." அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து அவனோடு போன கோ மோ திரும்பி வந்தான். புயலில் ஒரு படகு போய்விட்டது என்றான். அதில் வுன்னா இருந்தானா? "ஏறினான்னு சொன்னாங்க அத்தை. நான் கண்ணால பாக்கல."

அந்தக் கடைசி வாக்கியத்தை மியா தின் இறுகப் பிடித்துக்கொண்டார். யார் கேட்டாலும் அவரிடம் இருப்பது ஒரே பதில்: "டவர் கிடைக்கல அவனுக்கு." முதல் வருடம் ஊர் தலையாட்டியது. இரண்டாம் வருடம் பேச்சை மாற்றியது. பிறகு கேட்பதையே விட்டுவிட்டது. மாதாமாதம் பௌர்ணமிக்கு முதல் நாள் அவர் மகனின் இரண்டு லுங்கிகளை எடுத்துத் துவைப்பார். ஒன்று பச்சை, ஒன்று கட்டம் போட்டது. உடுத்தாத துணியில் என்ன அழுக்கு? துவைத்துத் துவைத்துக் கட்டத்தின் சிவப்பு வெளிறி ரோஜா நிறமாகிவிட்டது. "வந்து இறங்கினா உடுத்த வேணாமா? மக்கின வாடையோடயா குடுக்கிறது?" கொடியில் அந்த லுங்கிகள் ஆடும் நாளில் தெருவில் போகிறவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள்.

சாவை ஒப்புக்கொள்ளத் தெரியாதவர் அல்ல. கணவர் காய்ச்சலில் போனபோது எட்டாம் நாளே அவர் சட்டையை எரித்துச் சாந்தாக்கிவிட்டார். அந்தப் புத்தர் வீட்டு அலமாரியில் இருக்கிறார். "உங்க மாமனார் காது கொஞ்சம் பெருசா வந்துடுச்சு" என்று யமினிடம் சொல்லிச் சிரிப்பார். ஊரில் இத்தனை வீட்டுச் சாவைப் புத்தரின் முகமாக்கி அனுப்பியவருக்கு ஒரே ஒரு சாவு மட்டும் கையில் நிற்கவில்லை.

மடத்துத் தலைமைப் பிக்கு சயாடோ ஒருமுறை அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். "மியா தின், போனவனுக்குப் புண்ணியத்தைப் பங்கு வைக்கலைன்னா அவன் வாசல்ல நின்னுக்கிட்டே இருப்பான். பசிச்ச பிள்ளையை வாசல்ல நிறுத்தி வைக்கலாமா?"

மியா தின் தரையில் நெற்றியை வைத்து மூன்று முறை வணங்கி எழுந்தார். "சாமி, உயிரோட இருக்கிறவனைச் செத்தவன்னு சொல்லிப் பங்கு வச்சா, நானே அவன் கதவைச் சாத்தின மாதிரி ஆகும். ரெண்டுல எது பெரிய பாவம்னு எனக்குத் தெரியல. தெரியிற வரைக்கும் சும்மா இருக்கேன்."

சயாடோவுக்கும் தெரியவில்லைபோலும். வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

இதில் யமின் என்று ஒருத்தி இருப்பது பலருக்கு மறந்துபோகும். முப்பத்திரண்டு வயது. அரைப்பாள், சலிப்பாள், நிலவறையில் தண்ணீர் தெளிப்பாள். லாரி ஓட்டும் கோ தெய்ன், மனைவியை இழந்தவர், போன வருடம் பெரியவர்களை வைத்துப் பெண் கேட்டுவிட்டார். மியா தின் தடுக்கவில்லை. "அவ இஷ்டம்" என்றார். சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே, பௌர்ணமிக்குப் பத்து நாள் இருக்கும்போதே, லுங்கிகளை எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டார். யமின் பெரியவர்களிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம், விளக்குத் திருவிழா முடிந்த பிறகு, மடத்திலிருந்து மூன்று கோணி காய்ந்த பூ வந்தது. ஊரே கொண்டுபோய்ப் படைத்த பூ. அதை எரித்து மடத்துப் புது மண்டபத்துக்கு ஒரு புத்தர் செய்யவேண்டும். யாருடைய சாவுக்கும் அல்ல, ஊருக்குப் பொதுவான புத்தர். ஆகவே துணி கிடையாது, பூ மட்டும். முகமில்லாத உருவம் தயாராக இருந்தது. யமின் பூவை எரித்து, அரைத்து, சலித்து, சட்டியில் மூடி வைத்தாள்.

காலை ஒன்பது மணி இருக்கும். மியா தின் வெள்ளை மேலாடையோடு பலகையின் முன் உட்கார்ந்தார். மரப்பாலை ஊற்றினார், சாம்பலைத் தூவினார், பிசையத் தொடங்கினார். யமின் இரண்டு முழம் தள்ளி அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அப்பால் உ செய்ன் மூங்கிலைப் பிளக்கும் சத்தம்.

பூச்சாம்பல் முரடு. எத்தனை சலித்தாலும் உள்ளங்கைக்குள் மெல்லிய மணல்போல ஒரு பிடிப்பு இருக்கும். பருத்திச் சாம்பல் அப்படியல்ல. அது வழுக்கும். பாலை நிறையக் குடிக்கும். குடித்துவிட்டு வெண்ணெய்போல விரலிடுக்கில் ஏறும். இது சொல்லிக் கொடுத்து வருவதல்ல. இருநூறு முந்நூறு பேரைப் பிசைந்த கைக்குத் தெரியும்.

முப்பத்தேழாவது அமுக்கில் கை நின்றது.

விரல்களை மெல்ல விரித்தார். மறுபடி மூடினார். பலகையின் ஓரத்தில் இருந்த பால் கிண்ணத்தைப் பார்த்தார். எப்போதும் மிச்சமிருக்கும் கால் கிண்ணம் இன்று இல்லை. எல்லாவற்றையும் சாந்து குடித்திருந்தது.

தலையைத் தூக்காமல் கேட்டார்: "எது? பச்சையா, கட்டம் போட்டதா?"

அம்மியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. சாந்து பிசையும்போது மாமியாரின் குரலை ஒன்பது வருடத்தில் யமின் முதல்முறையாகக் கேட்கிறாள்.

"கட்டம் போட்டது" என்றாள்.

மியா தினின் கைகள் சாந்துக்குள் புதைந்திருந்தன.

"என்ன மியா தின்!" வேலிக்கு அப்பாலிருந்து உ செய்ன். "சாந்து நாள்ல பேச்சுச் சத்தம் கேக்குது! சீலத்தை விட்டுட்டியா, இல்ல நாளைக்கு மழையா?"

மூங்கில் பிளக்கும் சத்தம் இரண்டு முறை கேட்டது. பிறகு நின்றது.

"எப்ப?" என்றார் மியா தின்.

"முந்தா நாள். நீங்க மடத்துக்குப் போயிருந்தப்ப. பூவோட சேத்து."

"துவைச்சு வச்சிருந்தேனே."

"ஆமா. மடிப்புக் கலைக்காமத்தான் போட்டேன்."

"எப்படி எரிஞ்சுது?"

யமின் சற்று யோசித்தாள். "சத்தமில்லாம. புகையே வரல. பூதான் புகைஞ்சுது."

மியா தின் கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பார், கேட்டுவிட்டார். "கோ தெய்ன் சொன்னானா?"

"யாரும் சொல்லல." யமின் எழுந்து வந்து பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பலநாள் சொல்லிப் பார்த்த பேச்சுப்போல இருந்தது. "அவரைக் கட்டிக்கணும்னா போன வருஷமே போயிருப்பேன் அம்மா. மூணு வருஷம் புருஷன் தகவல் இல்லைன்னா பொண்டாட்டி போகலாம்னு ஊர் வழக்கமே சொல்லுது. எனக்கு யார் கதவும் திறக்க வேண்டியதில்ல. அவருக்குத்தான் திறக்கணும். கனவுல வர்றாரு. கிணத்தடியில நிக்கிறாரு, தலையில இருந்து தண்ணி சொட்டுது. நான் துண்டு எடுத்துக்கிட்டு ஓடுறேன். துடைக்கத் துடைக்கச் சொட்டிக்கிட்டே இருக்கு. ஏழு வருஷமா நான் ஒருத்தியே துடைக்கிறேன்."

"என் கனவுல அவன் வர்றதே இல்ல" என்றார் மியா தின்.

"எப்படி வருவாரு? நீங்கதான் அவரை உயிரோட வச்சிருக்கீங்களே. செத்தவங்கதான் கனவுல வருவாங்க."

சொன்ன பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

முற்றத்தில் கோழி ஒன்று சிந்திக் கிடந்த சாம்பலைக் கிளறியது. இருவரும் அதை விரட்டவில்லை.

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே யமின்."

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

மியா தின் சாந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஊர் முழுக்கப் படைத்த பூ இருந்தது. மகனின் லுங்கி இருந்தது. எதை எதிலிருந்து பிரிப்பது? பால் ஊற்றிய சாம்பலை எந்தச் சல்லடையும் பிரிக்காது. இப்போதே எடுத்துக் குப்பையில் போடலாம். போட்டால் வுன்னா இன்னும் ரனோங்கில் டவர் கிடைக்காமல் இருப்பான். ஆனால் அவன் உடுத்திய துணியைக் குப்பையில் போட்டவர் அவராகவே இருப்பார். பிசைந்து முடிக்கலாம். முடித்தால் அது ஒரு முகமாகிவிடும். மண்டபத்தில் ஊரே அந்த முகத்தின் முன்னால் உட்கார்ந்து, நீரை ஊற்றி, "பங்கு! பங்கு! பங்கு!" என்று மூன்று முறை கூவும். கேட்கிற எல்லா உயிருக்கும் புண்ணியத்தில் பங்கு. அந்தக் கூவலுக்குப் பிறகு அவருக்கு மகன் இல்லை. நின்று யோசிக்கவும் நேரமில்லை. பலகையில் விட்ட சாந்து மேல்தோல் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"அவன் நல்லா நீந்துவான்" என்றார் திடீரென்று. "சின்டுவின் ஆத்துல வெள்ளம் வந்தப்ப அக்கரைக்கு நீந்திப் போய்ப் பூசணிக்காய் திருடிட்டு வந்தவன்."

"தெரியும்மா. கல்யாணத்துக்கு முந்தி அதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னை மயக்கினாரு."

"பூசணிக்காயைச் சொல்லியா?"

"பூசணிக்காயைத்தான். எனக்கு ஒரு துண்டு எடுத்து வச்சிருந்தேன்னு பொய் வேற."

மியா தினின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு அங்கே வந்து, இடம் தெரியாமல் திரும்பிப் போயிற்று. அவர் முகத்தைத் தோளில் துடைத்தார். கையால் துடைக்க முடியாது. இடது கண்ணைத் துடைக்க இடது தோள் போதும். வலது கண்ணுக்கு வலது தோள். அது உயரம், எளிதாக எட்டியது.

"கடல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது" என்றார். "பாத்திருந்தா ஒருவேளை முன்னாலேயே நம்பியிருப்பேன்."

யமின் அழத் தொடங்கினாள். இத்தனை நேரம் அழாதவள், முழங்காலில் முகத்தைப் புதைத்துச் சின்னப் பிள்ளைபோலச் சத்தம் போட்டு அழுதாள். மியா தின் அவளைத் தேற்றவில்லை. வருகிற குடும்பங்களுக்குச் செய்வதுபோலவே காத்திருந்தார். தேநீர் ஊற்றிக் கொடுக்கக் கை காலியாக இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். வேலிக்கு மேலாக உ செய்னின் தலை ஒருமுறை தெரிந்தது. இரண்டு பெண்களையும் பார்த்தார். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டு, தலையை இறக்கிக்கொண்டார்.

அழுகை விம்மலாகத் தேய்ந்தது.

"எண்ணிக்கை விட்டுப்போச்சு" என்றார் மியா தின். "முதல்ல இருந்து எண்ணணும்."

யமின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழப்போனாள். அம்மியில் இன்னும் கழுவ வேண்டியது இருந்தது.

"எங்க போற? அந்த நல்லெண்ணெயை எடுத்து முழங்கை வரைக்கும் தடவிக்கோ. பால் புது ஆளைக் கடிக்கும்."

யமினுக்குப் புரியவில்லை. புரியாமலேயே எண்ணெய்க் கிண்ணத்தில் கையை விட்டாள்.

மியா தின் சாந்தை உருட்டித் திரட்டினார். பலகையின் நடுவில் வைத்து இரண்டாகக் கிள்ளினார். இரண்டும் சமமாக வரவில்லை. ஒரு கணம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெரிய பங்கை உள்ளங்கையால் மெல்லத் தள்ளி, பலகையின் குறுக்கே, மருமகளின் பக்கம் நகர்த்தினார்.